தக்காளி சாதம் அடிப்பிடித்த நாள்

பென்னாகரத்துக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ‘என்னால் மறக்க முடியாத நாள்’ என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பே ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பரிசலில் ஏறி, ‘மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்பினோம்’ என்று முடிக்கும். வழிகாட்டி நூலில் அப்படித்தான் இருக்கிறது. பாதிப் பேர் பரிசலில் கால் வைத்ததே இல்லை. பேச்சில் எல்லாரும் வூட்டுக்குத்தான் போகிறார்கள். கட்டுரையில் மட்டும் இல்லம் வந்துவிடுகிறது.

ஆகவே ஒருநாள், வழிகாட்டி நூல்களைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, தமக்கு உண்மையில் நடந்த ஒன்றை மட்டும் எழுதச் சொன்னேன். சிறந்ததை வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எழுதியவரே படிக்கலாம் என்றும் அறிவித்தேன். அந்த அறிவிப்பின் விளைவை நான் யோசிக்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் விஞ்சியது, எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் பெண்மணியின் மகள் எழுதியது. “அன்று தக்காளி சாதம் அடிப்பிடித்துவிட்டது. அம்மா மேலே இருந்ததை மட்டும் அள்ளிப் போட்டது. நான் முதல் ஆளாக உட்கார்ந்து, நல்லா இருக்குது நல்லா இருக்குது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தின்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துத் தின்றார்கள். டீச்சர் ருசி பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார்கள்.”

அந்த டீச்சர் நான்தான். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உணவைச் சுவைத்துப் பதிவேட்டில் ஒப்பமிடுவது நடைமுறை. அன்று என் முறை. கைப்பேசியில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றிக்கொண்டே, ‘சுவை நன்று’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதைக் கூட்டத்தில் படித்தால் எனக்கு மிஞ்சினால் ஓர் எச்சரிக்கை வரும். அந்தப் பெண்மணிக்கோ அது தற்காலிகப் பணி. ஒரு புகார் போதும், வேறொருவர் வந்துவிடுவார். வேறு கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் அது என்னைக் காத்துக்கொள்ளவா, அவரைக் காக்கவா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அதனால் நோட்டை எடுத்துக்கொண்டு சமையற்கூடத்துக்குப் போய் அவரிடமே படித்துக் காட்டினேன்.

“கழுத! எல்லாத்தையும் எழுதிட்டாளாங்க?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இதப் படிச்சா என் வேலைக்கு எதுவும் வந்துருங்களா டீச்சர்?”

“நான் ருசி பாக்காததை முதல்ல தலைமையாசிரியைகிட்ட சொல்லிடறேங்க. நீங்க வேண்டாம்னா இந்தக் கட்டுரையை யாருக்கும் காட்ட மாட்டேன்.”

“நீங்க போயி சொன்னா, ஏன்னு கேப்பாங்க இல்லீங்க? நானும் வர்றனுங்க.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

தலைமையாசிரியை முழுவதும் கேட்டுவிட்டு முதலில் அவரிடம் பேசினார். “அடிப்பிடிச்ச வாசம் என் ரூம் வரைக்கும் வந்துச்சும்மா. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். இனிமே இப்படி ஆனா உடனே சொல்லு, வேற ஏற்பாடு பண்ணலாம். வேலைக்கு ஒண்ணும் ஆகாது, போ.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க மேலதான் எனக்குக் கோவம். இந்த மாசம் முழுக்க நீங்களே ருசி பாருங்க.” கட்டுரையை வழிபாட்டுக் கூட்டத்தில் படிக்க மட்டும் அவர் ஒப்பவில்லை. “சின்னதுங்க காதுல வுழுந்தா, அப்புறம் தக்காளி சாதத்த ஒருத்தரும் தொட மாட்டாங்க. உங்க வகுப்புல படிக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை மதியம் அந்தச் சிறுமி வகுப்பின் முன் நின்று படித்தாள். என்னைப் பற்றிய வரி வந்தபோது குரலைத் தாழ்த்தினாள். சத்தமாகவே படி என்றேன். கடைசி இருக்கையிலிருந்து ஒருவன், “டீச்சர் மாட்டிக்கிட்டாங்கடா!” என்றான். வகுப்பு சிரித்தது, நானும்தான். அவள் அம்மா கதவருகில் வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தோம்.

“எல்லாஞ் சரி. சாதம் ஏன் அடிப்பிடிச்சுதுன்னு எழுதலியே?” என்றார் அவர். “போட்டோ எடுக்கறாங்க, சடைய மாத்திப் பின்னிவுடுன்னு அடுப்புகிட்ட வந்து நின்னது யாருடி?”

வகுப்பு மேசைகளைத் தட்டி ஆர்ப்பரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது.

“ம்மா, நீ போம்மா! இது என் கட்டுரை!”

சொன்னவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையிடம் பேனாவைப் பிடுங்கி, முதல் வரிக்கு மேலே இருந்த சிறு இடைவெளியில் எழுதத் தொடங்கினாள். “எத்தன மணிக்கும்மா வந்தேன்?” என்று தலை நிமிராமல் கேட்டாள்.