சந்தனம் வைத்த கண்ணாடி

அன்று பாறைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் லோடுமேன், பாறையைச் சோதிக்க வந்த என்ஜினியர் மேடம். மலைக்கோட்டை அடிவாரத்தில், படி இறங்கிப் போகும் குகை அறையில் நான் வாழைத்தார் பழுக்க வைக்கிறேன். அதன் கூரையில் ஒரு விரிசல். பாறை தன் பாரத்தையே தாங்குமா, நிலநடுக்கம் வந்தால் என்னாகும் என்று எனக்குத் தூக்கமே இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன், வேறென்ன செய்வேன்? மேடத்தை அழைத்தேன்.

முதல்முறை வந்தபோது விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனார். பாறை நகர்ந்தால் அது உடையும். இம்முறை கண்ணாடியே தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு லோடுமேன் அதில் சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்திருந்தார்.

“தராசுக்கு வச்சுட்டு இதுக்கு வைக்காம விட்டா எப்படிங்க?”

மேடம் சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தார். கண்ணாடி முழுசாக இருந்தது.

“பாரம் தாங்குதுங்க. நிலநடுக்கத்துக்கும் கணக்குப் போட்டுட்டேன். வாசல் ஓரத்துல மட்டும் ஒரு முட்டு கொடுத்துடுங்க.”

“மழை முடிஞ்சு ஒரு தடவை வந்து பாப்பீங்களா மேடம்?”

“இனிமே எதுக்குங்க?”

முழுப் பணமும் கொடுத்துவிட்டால் வரமாட்டார் என்று கொஞ்சம் பிடித்து வைத்தேன். முட்டு கொடுத்தாயிற்று, மழையும் முடிந்தது, மேடம் மட்டும் வரவில்லை. அவருக்கு இன்னும் மூவாயிரம் ரூபாய் பாக்கி.