நடுவில் தடுக்கும் ஐரிஷ் மெட்டு

பழைய கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் தொழிலில் செத்தவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். உயிரோடு இருப்பவர்கள் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்கள். என்னைப் போல அடுத்தவர் ஞாபகத்தை ரிப்பேர் செய்து பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இது புதிதில்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முப்பத்தைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். முதலில் ரெக்கார்டிங் சென்டர், இப்போது இது. பலகைதான் மாறியது, நாற்காலி அதேதான்.

தாலியும் சிக்ஸரும்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அம்மா கல்யாண வீடியோ கேசட் கொண்டுவந்தார். கூடவே கணவரும் வந்திருந்தார். மகனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, சம்பந்தி வீட்டாருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். ஓட்டினேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், கெட்டிமேளம் கேட்டது, அடுத்த நொடி திரையில் யாரோ பந்தைத் தூக்கி அடித்தார்கள். அதன்பிறகு கடைசிவரை கிரிக்கெட்தான். கணவர் என் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார்.

ஒன்றன்மேல் ஒன்று பதிந்துவிட்டால் அடியில் இருப்பது போனது போனதுதான், மீட்க முடியாது என்று சொன்னேன். அம்மா அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்போ எனக்குக் கல்யாணமே ஆவலன்னு எழுதிக் குடுங்க சார், நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

சீழ்க்கை அடித்த பெரியவர்

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நானும் அன்று சிரித்தேன். அதற்குத் தண்டனை போல அடுத்த வாரமே ஏழுமலை வந்தார். டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய ட்ரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் இடது காது போய்விட்டது, எதையும் வலது பக்கம் திரும்பித்தான் கேட்பார். அவர் கையில் கேசட் இல்லை. "ஒரு பாட்டு வேணும்" என்றார். பெயர் தெரியாது, வார்த்தையும் கிடையாது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்துச் சீழ்க்கையடித்தார். மெதுவாக ஏறி இறங்கும் மெட்டு. நடுவில் ஓரிடத்தில் தடுக்கி நின்றது, அந்த அடியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி வந்தது.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் சுமதி. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கான்வென்ட்டில் தங்கிப் படித்தவள். அங்கே இருந்த அயர்லாந்து சிஸ்டர் அவளுக்கு ஒரு தகரக் குழல் கொடுத்துத் தங்கள் ஊர் மெட்டு ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவள் வாசித்ததைக் கேசட்டில் பிடித்தும் கொடுத்திருக்கிறார். பத்தாவது பரீட்சைக்கு முன் வந்த காய்ச்சலில் சுமதி போய்விட்டாள். கேசட்டும் வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம். சிஸ்டரும் இப்போது இல்லை. தேடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அயர்லாந்தில் எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன். அவர் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு யோசித்தார்.

"அயர்லாந்துன்னு தான் சார் சொன்னாங்க. அதுக்குள்ளயும் ஊரு இருக்குமா?"

அந்த ஊர்க்காரர் சொன்னது

அதற்குள்ளும் ஊர் இருந்தது, ஊருக்கு ஊர் மெட்டும் இருந்தது. ஒரே மெட்டுக்கு நாலு பெயர், ஒரே பெயரில் நாலு மெட்டு. போனில் அவர் சீழ்க்கையைப் பதிந்து தேடினால் அம்மன் பாட்டைக் காட்டுகிறது. இரண்டு மாதம் கிடைத்ததையெல்லாம் இறக்கி வைத்தேன். ஏழுமலை வாராவாரம் வருவார், ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துக்கொள்வார், தலையை ஆட்டுவார். "கிட்ட வருது சார். ஆனா அது இல்ல." ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. பேஜார் பண்ணியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் ஐரிஷ் இசைக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு வலைத்தளத்தில் அவருடைய சீழ்க்கையைப் போட்டுவைத்தேன். பிள்ளைகளுக்குக் குழல் கற்றுத் தரும் ஒருவர் பதில் எழுதினார். தங்கள் மலைப்பக்கத்து மெட்டாம், இசைத்தட்டாக வந்ததே இல்லையாம். தன்னிடம் படிக்கும் ஒரு சிறுமி வாசித்ததைப் பதிந்து அனுப்பியிருந்தார். கேட்டதும் தெரிந்தது, அதே மெட்டு. ஆனால் தடுக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடத்தில் ஏன் நிற்கவில்லை என்று கேட்டு எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. இத்தனை வருடமாக அந்த மனிதர் மகளின் பிழையையும் சேர்த்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

"அந்த இடத்தில் எங்கள் ஊரில் யாரும் நிற்பதில்லை. உங்களுக்குத் தெரிந்த யாரோ அங்கே தவறு செய்திருக்கிறார்கள்."

செல்லோ டேப்

பதில் வந்த மறுநாள் ஏழுமலையின் மனைவி கன்னியம்மா தனியாக வந்தார். முந்தானையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உறைமேல் சினிமாப் பாட்டுகளின் பட்டியல். எழுத்து என்னுடையது.

ரெக்கார்டிங் சென்டர் காலத்தவர்களுக்கு இது தெரியும். கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. சுமதி வாசித்த இந்தக் கேசட்டில் சிஸ்டர் அதை ஞாபகமாக உடைத்து வைத்திருக்கிறார். புதுக் கேசட் எதற்கு என்று பழையதைக் கொண்டுவருபவர்களுக்காக நாங்கள் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டிப் பதிந்து கொடுப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாட்டு முடிந்து மிச்சம் இருந்தால் பழைய சத்தம் தலைகாட்டாமல் கடைசிவரை வெறுமையாகவும் ஓட்டி அழித்துவிடுவேன். என் கடைக்கு அப்படி ஒரு நல்ல பெயர். அந்த டேப் மஞ்சளாகி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தேன். நுனியில்கூட ஒன்றுமில்லை. சுமதியை அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

"அவரு வேலைய வுட்டு வந்தா சோறு வேணாம், தண்ணி வேணாம், அதையே போட்டுட்டு ஒக்காந்திருப்பாரு" என்றார் அந்த அம்மா. "மூணு மாசத்துல ஆளு பாதியாய்ட்டாரு. பொண்ணும் போய், இவரும் போய்ட்டா நான் இன்னா பண்றது? அதான் அப்போ உங்ககிட்ட எடுத்தாந்து மேல பாட்டு பதிஞ்சேன். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்." நான் அந்தக் கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்த கை என்னுடையது, அழச் சொன்னால் அழுதிருப்பேன். அவர் எழுந்து நின்று கை கூப்பினார்.

"நான் அழிச்சது அவருக்குத் தெரிய வேணாம் சார். எதையாவது பதிஞ்சு, அதேதான்னு குடுத்துடுங்க."

அதேதான்

கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த ஐரிஷ் சிறுமி வாசித்ததை எடுத்துக்கொண்டேன். நடுவில் வெட்டி நிறுத்தி, அந்த அடியின் தொடக்கத்துக்குத் திருப்பி ஒட்டினேன். பழைய கேசட்டின் கரகரப்பை அடியில் பரப்பினேன். தொழிலில் இவ்வளவு பாடுபட்டதாக ஞாபகமில்லை. ஏழுமலை வந்தார், கேட்டார். தடுக்கிய இடத்தில் கண்ணை மூடினார்.

ஹெட்போனைக் கழற்றி ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, "நல்லா பண்ணிருக்கீங்க சார். ஆனா சுமதி இல்ல" என்றார். "இதுவும் யாரோ பெத்த பொண்ணு. நல்லா இருக்கட்டும்." பிறகு நான் கேட்காமலே சொன்னார். அந்தக் கேசட்டைப் பல வருடங்களுக்கு முன்பே துணிகளுக்கு அடியில் பார்த்துவிட்டாராம். போட்டுப் பார்த்தால் சினிமாப் பாட்டு. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். பிறகு எதற்கய்யா இத்தனை வாரம் அலைந்தீர்கள் என்று எனக்குக் கோபமே வந்தது.

"மூணு மாசத்துக்கு முன்ன வூட்டுக்காரி ஆஸ்பத்திரில கெடந்தா. காச்சல்ல, பொண்ண நானே ரெண்டாந்தரம் கொன்னுட்டேன்னு பொலம்பனா. சிஸ்டர் ஒரு காப்பி வெச்சிருந்தாங்க, அயர்லாந்துலருந்து வந்துச்சுன்னு அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டா."

பி பக்கம்

மறுநாள் கன்னியம்மாவை வரச் சொன்னேன். சிஸ்டர், காப்பி, அயர்லாந்து, எல்லாவற்றையும் முகம் மாறாமல் சொன்னேன். அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். மெட்டோடு சேர்ந்து மேசைமேல் விரல் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தது. மெட்டு தடுக்கும் இடத்துக்கு ஒரு கணம் முன்பே விரல் நின்றுவிட்டது. அவரும் அந்தப் பிழையை மனப்பாடமாக வைத்திருந்தார்.

முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"எம்பொண்ணு ஊதற மூச்சு எனக்குத் தெரியாதா சார்? அது கெடக்கட்டும். அவரு நம்பிட்டாரா?"

நம்பிவிட்டார் என்று தலையை ஆட்டினேன். ரெக்கார்டிங் சென்டர் காலத்திலிருந்து, சகபாவிகளே, இரண்டு பக்கமும் சுத்தமாகப் பதிந்து கொடுப்பதில் என் கடைக்கு நல்ல பெயர்.