அய்யனார் குளத்தில் மீனை விட்டவள்

காளிதாஸின் தாடையை உடைத்தவள் நான்.

கூட்டம் அல்ல. சேறு அல்ல. மதகின் கல்லும் அல்ல! போலீஸாரிடம் நான் சொன்னது பொய். என் இரண்டு கைகளும் மண்வெட்டிக் காம்பை இறுகப் பிடித்திருந்தன. அவன் வாயைப் பார்த்து ஓங்கினேன். குறி தப்பவில்லை.

ஏன் வாய் என்று கேட்பீர்கள். அந்த வாயிலிருந்து என் பெயர் வரவிருந்தது... அதனால்தான்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். நான் கல்லூரியில் தமிழ் படித்தேன். ஊராட்சியில் வார்டு உறுப்பினராகவும் ஆனேன். என் கணவர் கோழிக்கறிக் கடை நடத்துகிறார். கடையில் மிஞ்சும் குடலையும் தோலையும் எங்கே கொட்டுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு வியாபாரி வந்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளருங்கள், குடலைப் போட்டால் போதும், மளமளவென்று பெருகும் என்றான்.

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டினோம். குடலை வீசினால் தண்ணீர் கொதிப்பதுபோல் புரளும். கறுத்த முதுகுகள், தட்டையான தலைகள், நீண்ட மீசைகள்... பார்த்துக்கொண்டே நிற்பேன். அவற்றின் பசி எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்ல உட்கார்ந்த பிறகு இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அது தடை செய்யப்பட்ட மீன் என்று தெரியும். ஏன் தடை என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

பக்கத்து ஊரில் அதிகாரிகள் வந்து ஒருவரின் பண்ணைக் குட்டையை இறைத்து, மீனையெல்லாம் புதைத்துவிட்டுப் போனார்கள் என்ற செய்தி ஐப்பசி மழையோடு வந்து சேர்ந்தது. என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தொட்டித் தண்ணிய வடிச்சிடு. நான் கடைய மூடிட்டு வந்து எல்லாத்தையும் கொன்னு பொதைச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கொல்ல விடவில்லை.

அன்று பகலெல்லாம் மழை. மீன்களைப் பிளாஸ்டிக் டிரம்மில் அள்ளி, கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாய்த்தேன். வாய்க்கால் நேரே அய்யனார் குளத்துக்குப் போகிறது. உயிரோடு போகட்டும், பாவம் என்று நினைத்தேன். கருணை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். கருணைதானா? குழி தோண்டினால் அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்ற பயமா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை...

திரும்பியபோது மடைக்கருகில் காளிதாஸ் நின்றிருந்தான். குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கெண்டையும் கட்லாவும் வளர்த்தவன். வேளாங்கண்ணிப் பக்கத்துக் கடலோரத்துக்காரன். எங்கள் ஊர் வனிதாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். மழையில் வலைத்தட்டி அடித்துக்கொண்டு போகாமல் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இந்த மழையில?"

"தொட்டித் தண்ணிப்பா. நாத்தம் தாங்கல."

அவன் டிரம்மைப் பார்த்தான். மறுபடி வலைத்தட்டியைக் கட்டக் குனிந்தான்.

அறுவடை முடிந்த பிறகு ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, அன்னிக்கு நீங்க கொட்டுனது ஆப்பிரிக்கா கெளுத்திதானே? வலையில மாட்டுது."

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நானும் யாருகிட்டயும் சொல்லல. இப்ப கொஞ்சமாத்தான் கெடக்கு. இந்தக் கோடையிலயே தண்ணிய எறைச்சா அத்தனையும் பொறுக்கிடலாம். விட்டா குஞ்சு பொரிச்சிடும். நீங்க மெம்பரு, ஊர்க்கூட்டத்துல ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. எப்படி வந்துச்சுன்னு நான் வாயத் தொறக்க மாட்டேங்க்கா."

எவ்வளவு எளிய வழி! என் பெயர்கூட வெளியே வராத வழி! நான் என்ன செய்தேன் தெரியுமா?

"குளத்துல மீன் விடுறவன் நீ. எங்கிட்ட வந்து கேக்குற? பாத்துப் பேசு, காளிதாஸ்."

அவன் முகம் சுருங்கியது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அந்தக் கோடையில் குளத்தை யாரும் இறைக்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு குளம் குளமாக இல்லை. விரால் போயிற்று. குறவை போயிற்று. அயிரையைக் கண்ணால் காண முடியவில்லை. காளிதாஸ் விட்ட குஞ்சுகள் இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீரில் இறங்கிய வாத்துக்குஞ்சுகளை ஏதோ ஒன்று கீழே இருந்து இழுத்தது. துணி துவைத்த பெண்ணின் காலைக் கடித்துச் சதையை எடுத்துவிட்டது. வலையில் வந்ததெல்லாம் அதுதான். கை நீளத்துக்கு, கறுத்து, வழுவழுவென்று...

வைகாசியில் ஊர்க்கூட்டம் போட்டோம். மீன்துறை அலுவலர் ஒருவர் வந்து, அயல்நாட்டு இனம் உள்ளே நுழைந்தால் உள்ளூர் இனம் எப்படி அழியும் என்று விளக்கினார். ஆற்றில் தண்ணீர் திறப்பதற்குள் குளத்தை இறைத்து, ஒன்றுகூடத் தப்பாமல் பிடித்து, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வடிகால் வழியாக ஒரு குஞ்சுகூட ஆற்றுக்குப் போகக்கூடாது என்றார். வடிகாலுக்குச் சல்லடை வலை கட்டச் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னதெல்லாம் சரி.

பிறகு நான் பேசினேன். தமிழ் படித்தவள் அல்லவா? "எங்கிருந்தோ வந்து, நம் குளத்தில் புகுந்து, நம் மீனைத் தின்று கொழுத்த வந்தேறி! இதை விட்டுவைக்கலாமா?" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். காளிதாஸ் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். அவன் கைதட்டவில்லை.

இறைப்பு நாள்... அதைச் சொல்ல வேண்டும்.

டீசல் இன்ஜின்கள் இரண்டு பகல் ஓடித் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியபோது, சேறு முழுவதும் நெளிந்தது. அந்த மீனுக்குத் தண்ணீர் இல்லாவிட்டாலும் மூச்சு உண்டு. சாவதில்லை! மார்பால் ஊர்ந்து கரையேறியது. கூடைகளில் அள்ளிப் போட்டதும் எகிறிக் குதித்து வடிகாலை நோக்கி நகர்ந்தது. "விடாதே, விடாதே!" என்று யாரோ கத்தினார்கள். ஊரே இறங்கிவிட்டது. உலக்கை, கடப்பாரை, மண்வெட்டி, தென்னை மட்டை... கையில் கிடைத்ததைக் கொண்டு அடித்தோம்.

மண்டையில் அடித்தால் ஒருமுறை துடிக்கும். மறுபடி அடிக்க வேண்டும். மறுபடியும். தலை நசுங்கிய பிறகும் வாய் திறந்து மூடும். சேறு செம்மண் குழம்பாகிவிட்டது. முகத்தில், உதட்டில், கண்ணிமையில் இரத்தம் தெறித்தது. நானும் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, உடைந்த மண்வெட்டியின் காம்போடு இறங்கினேன். அடித்தேன். கொல்ல மனமில்லாமல் விட்டவள்தானே நான்? அடித்தேன்! ஒவ்வொன்றும் என் பெயரைச் சொல்ல வாய் திறப்பதாகத் தோன்றியது. அடிக்க அடிக்க இன்பமாக இருந்தது... ஆம், இன்பம். வேறு சொல் இல்லை.

அப்போது ஒருவர் நிமிர்ந்து, மூச்சிரைக்கக் கேட்டார்: "இதைக் கொண்டாந்து விட்டவன் எவன்டா?"

எல்லாக் கண்களும் காளிதாஸின் பக்கம் திரும்பின. அவன் மதகருகில் சல்லடை வலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஒரு குஞ்சுகூடத் தப்பாமல் காத்தவன் அவன் ஒருவன்தான்!

"குத்தகைக்காரன் இவன்தானே? இவன் விடாம வேற யாரு?"

"நான் விடலங்க! என் மீனும்தாங்க போச்சு!"

"வந்தேறிப் பயலே, பொழைக்க வந்த எடத்துல குளத்தையே அழிச்சிட்டியேடா!"

என் சொல்! கூட்டத்தில் நான் கொடுத்த சொல் அது. இப்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவனை நெருங்கினார்கள். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். அவன் கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடினான். கண்டுபிடித்தான்.

"சுமதி அக்கா, நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு மழையில..."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. நான் பேச விடவில்லை.

காம்பு எலும்பில் பட்ட சத்தம் மீன் மண்டையில் பட்ட சத்தத்தைப் போலவே இருந்தது. அதே கை, அதே வேகம். பற்கள் சேற்றில் விழுந்ததைப் பார்த்தேன். அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். வலிகூட அப்போது அவன் கண்ணில் இல்லை. நம்ப முடியாமல் பார்த்தான்.

நான் அடித்தது போதும் என்று மற்றவர்கள் விடவில்லை. அதன் பிறகு எத்தனை கைகள், எத்தனை கட்டைகள்! நான் நின்று பார்த்தேன். "போதும்" என்று நான் கத்தியிருந்தால் நின்றிருப்பார்கள். நான் உறுப்பினர். என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. வனிதா அலறிக்கொண்டு ஓடிவந்து அவன்மேல் விழுந்த பிறகுதான் கட்டைகள் தாழ்ந்தன.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவன் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். இடது கை முறிந்திருந்தது. போலீஸார் ஊருக்கு வந்தார்கள். சேற்றில் வழுக்கி மதகில் மோதினான் என்று முதலில் சொன்னவள் நான். ஊர் அதையே சொன்னது. ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்டபோது, யாரையும் தெரியாது என்று தலையசைத்தானாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அங்கதானே நின்னீங்க? மொதல்ல அடிச்ச பாவி யாருக்கா?"

"கூட்டத்துல ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்... எந்தக் கையால் என்று கேட்காதீர்கள்.

அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்கு அருகே, அவன் சொந்த ஊருக்கு. போன வருடம் ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். காலில் விழுவது, எல்லாவற்றையும் சொல்வது, அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போனேன்.

வனிதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ஊர்லேருந்து எங்களப் பாக்க வந்த ஒரே ஆளு நீங்கதாங்க்கா!" என்றாள். மீன்குழம்பு வைத்தாள். இலை போட்டாள். அவன் எதிரே உட்கார்ந்து, கரைத்த சோற்றை ஒரு பக்க வாயால் மெதுவாக விழுங்கினான். அவனால் இப்போது மெல்ல முடியாது.

அவள் தண்ணீர் எடுக்க வெளியே போனதும் கேட்டேன். "ஏன்பா அவகிட்ட சொல்லல?"

சொற்கள் குழறிக்குழறி வந்தன. கவனித்துக் கேட்க வேண்டியிருந்தது.

"சொன்னா... அவ வந்து உங்கள வெட்டிடுவா. அவ ஜெயிலுக்குப் போயிட்டா எம்புள்ளைக்கு யாரு இருக்கா?"

பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. இனிமே வராதீங்க."

மன்னிப்பு இல்லை. கோபம்கூட இல்லை. எனக்குக் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை... வனிதா திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டேன். அந்தச் சோற்றையும் சாப்பிட்டேன்! அவளிடம் சொல்லாமல் திரும்பினேன்.

எங்கள் குளத்தில் இப்போது மறுபடியும் விரால் இருக்கிறது. மற்ற ஊராட்சிக்காரர்கள் வந்து, எப்படி ஒழித்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும், உடனே சொல்ல வேண்டும், எதையும் மறைக்கக் கூடாது என்கிறேன். கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் எனக்கு யார்? முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எவ்வளவு எளிது!

பொங்கலன்று வனிதா போன் செய்தாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாம். "எங்க வீட்டுக்கு எப்பக்கா வருவீங்க?" என்று கேட்டாள்.

"வரேன்மா" என்றேன்.