எகிப்தில் நிற்காத வண்டி

போன வாரம் கோவில்பட்டியில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் என்னை வீரனாக்கிவிட்டார்கள்.

ஆக்கியவர் என் சம்பந்தி. என் மருமகளின் அப்பா. கழுகுமலைப் பக்கம் கரிசலில் பருத்தி போடுகிறவர். நாங்கள் இருவரும் கப்பலேறி லண்டன் போய், பேரனைக் கொஞ்சிவிட்டுத் திரும்பிய கதையைக் கடையில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வழியில் எகிப்தில் கரையிறங்கிச் சுற்றிப் பார்த்த கட்டம்.

“ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பருத்தி வெடிச்சுக் கெடக்கு. நம்ம சம்பந்தி இங்கிலீஷ்ல ஒரு வார்த்ததான் சொன்னாவ. டிரைவரு டக்குன்னு வண்டிய நிப்பாட்டிட்டான். எறங்குனேன். ஒரு சுளைய எடுத்தேன். இந்தா, இப்படி...” — இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே இல்லாத பஞ்சைப் பிடித்து இழுத்துக் காட்டினார் — “இழுக்க இழுக்க வருதுவே! இழைன்னா அது இழை!”

“நெசமாத்தானா அண்ணாச்சி?” என்றார் கடைக்காரர்.

“பின்ன பொய்யா? சாட்சி இந்தா உக்காந்திருக்காவள்லா. கேளும்.”

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? “இங்கிலீஷ் பேசி வண்டிய நிப்பாட்டின மனுசனுக்கு ஒரு கலர் ஒடைங்கலே!” என்று யாரோ சத்தம் போட்டார்கள். கலர் சோடாவும் வந்தது. ஆனால் குடிக்காமல் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏன் தெரியுமா? அன்றைக்கு எகிப்தில் வண்டி நிற்கவே இல்லை.

வாராவாரம் என் கவலைகளைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள் நீங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பாத்திரக்கடை வைத்திருப்பவன், பூட்டிய பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவன் — இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனிடம் ஒரு கடல் பயணத்துக்குத் திட்டம் போடச் சொன்னால் என்ன ஆகும்?

மகன் லண்டனில் டாக்டர். அங்கே பேரன் பிறந்துவிட்டான். சம்பந்தியம்மா பிரசவம் பார்க்க முன்கூட்டியே விமானத்தில் போயாகிவிட்டது. என் வீட்டுக்காரி, “தண்ணிக்கு மேல தூங்குததா? என்னால ஆவாது” என்று சொல்லிவிட்டாள். மிஞ்சியது சம்பந்திகள் நாங்கள் இருவர். பம்பாயில் கப்பல்.

கப்பல் கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்தது. எந்தத் துறைமுகத்தில் இறங்கி எதைப் பார்க்கலாம் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். சூயஸ் கால்வாயில் கப்பல் ஊர்ந்துதான் போகுமாம். அதற்குள் நாம் கால்வாய் தொடங்குகிற சூயஸில் இறங்கி, பஸ்ஸில் கெய்ரோ போய்ப் பிரமிடு பார்த்துவிட்டு, கால்வாய் முடிகிற போர்ட் சையிதில் மறுபடியும் ஏறிக்கொள்ளலாம். அப்புறம் மத்தியதரைக் கடல். நேப்பிள்ஸில் எரிமலை மூடிய பழைய ஊர். மார்செயில் குன்றின் மேல் ஒரு மாதா கோவில்...

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘குறித்த நேரத்தில் வராதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.’

முடிந்தது! அதற்கு மேலே இருந்த பிரமிடும் எரிமலையும் என் கண்ணுக்கு மறைந்தே போய்விட்டன.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தெரிந்த டிரைவர் ஒருவரைப் பிடித்தேன். “தம்பி, நூறு நூத்தம்பது மைல் போகணும்னா எம்புட்டு நேரமாகும்? நடுவுல ஒரு பஞ்சர்னு வச்சுக்க.”

“எந்த ஊருக்கு அண்ணாச்சி?”

“எகிப்து.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அந்த ரூட்டுல நான் இன்னும் ஓட்டலியே!”

சிரிக்காதீர்கள். நமக்குத் தெரிந்த பஸ் எது? கழுகுமலை பஸ். அது பாதி வழியில் நிற்கும், கொதிக்கும், பெருமூச்சு விடும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நான் நைல் நதிக்கரைக்குத் திட்டம் போட்டேன்.

தாளைச் சம்பந்திக்கு வாசித்துக் காட்டியபோது குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எகிப்து என்றதும் நிமிர்ந்தார்.

“எகிப்துன்னா... அங்கனதான அந்தப் பருத்தி?”

“அதேதான் அண்ணாச்சி.”

“மீச மொளைக்காத காலத்துலேருந்து பருத்தி கொண்டுபோயி போடுதேன் சம்பந்தி. ஒவ்வொரு தடவையும் புரோக்கரு ஒரு சுளைய இழுத்துப் பாத்துட்டுக் கீழ போட்டுருவான். ‘இழை கட்டை, நீளமே இல்ல. இது என்ன எகிப்துப் பருத்தியா, வெலய ஏத்திச் சொல்லுதீரு?’ம்பான். அந்தப் பயலும் அதக் கண்ணால பாத்திருக்க மாட்டான். அது அப்படி என்னதான் பருத்தின்னு ஒரே ஒரு தடவ கையில இழுத்துப் பாக்கணும். பிரமிடு எரிமலையெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க. எனக்கு அது போதும்.”

“பாத்துருவோம் அண்ணாச்சி. அது என் பொறுப்பு” என்றேன்.

என் பொறுப்பு! இந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்?

இங்கே நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் கொடுத்தவர் வாயில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும் — “உங்க இஷ்டம் சம்பந்தி.” முகூர்த்தம் எப்போது? உங்க இஷ்டம். பந்தியில் எந்தப் பாயசம்? உங்க இஷ்டம். கப்பலில் மேல் படுக்கையா கீழ் படுக்கையா? அதற்கும் உங்க இஷ்டம்தான். வயதில் என்னைவிட மூத்தவர், மேல் படுக்கைக்கு முட்டி வலிக்க ஏறுவார். பிள்ளையைப் பெற்றவன் நான். கீழே காலை நீட்டிப் படுத்திருந்தேன். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. தவறு என்று தோன்றவே இல்லை.

சூயஸில் இறங்கினோம். பாலைவனத்து ரோட்டில் கெய்ரோ. பிரமிடு எப்படி இருந்தது என்று இங்கே பலர் கேட்கிறார்கள். என் கைக்கடிகாரத்து முள் எப்படி இருந்தது என்று வேண்டுமானால் சொல்லுகிறேன். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபோது நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெய்ரோவை விட்டுப் புறப்பட்டபோது, எங்களோடு பஸ்ஸில் வந்த எகிப்துக்கார வழிகாட்டி சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் தாமதம். கொஞ்சம்தான். ஆனால் நான் கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வாய்க்கால் ஓரமாக ரோடு. பச்சை வந்தது. பேரீச்சை மரங்கள் வந்தன. அப்புறம் மண் நிறம் மாறியது.

கறுப்பு. நம் கரிசல் மாதிரியே கறுப்பு!

சன்னலோரம் உட்கார்ந்திருந்த சம்பந்தி எழுந்தே விட்டார். “சம்பந்தி... பருத்தி!”

ஆமாம், பருத்திதான். ரோட்டை ஒட்டி, வெடித்து, கைநீட்டினால் எடுக்கிற தூரத்தில். குனிந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எங்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள். சம்பந்தி கண்ணாடியில் விரல் வைத்துத் தட்டினார். “இந்தா... இந்தா இருக்குல்லா. வண்டிய ஒரு நிமிசம்...”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ரோட்டோரம் கரிசல் அண்ணாச்சி. இம்புட்டுப் பெரிய வண்டிய ஓரங்கட்டுனா புதைஞ்சிரும். அப்புறம் யாரு தள்ளுதது? கப்பல் போயிரும்.”

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் பயம் வராது. ஐப்பசி மழையில் கரிசலில் வண்டி இறங்கினால் அச்சு வரை உள்ளே போகும், மாடு மாற்றிக் கட்டினாலும் வராது — அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அங்கே மழை எங்கே? மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடித்த கரிசல் பாரவண்டியையே தாங்கும் என்று பாத்திரக்கடைக்காரனுக்குத் தெரியாமல் போகலாம். பிறந்ததிலிருந்து அதில் நடக்கிறவருக்குத் தெரியாதா? அவர் மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“உங்க இஷ்டம் சம்பந்தி” என்று உட்கார்ந்துவிட்டார்.

இதோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன். முன்னால் இருந்த வழிகாட்டி திரும்பிப் பார்த்து, இங்கிலீஷில் என்னிடம் கேட்டார்: “உங்கள் நண்பர் பருத்தியைக் காட்டுகிறாரே, நிறுத்தச் சொல்லட்டுமா? ஒரு நிமிடம்தானே?”

அவராகவே கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார்.

“நோ, நோ! ஷிப்... ஷிப்...” என்று கையை ஆட்டினேன். என் பாத்திரக்கடை இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது.

“என்ன கேக்காரு சம்பந்தி?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தண்ணி வேணுமான்னு கேக்காரு. வேண்டாம்னுட்டேன்.”

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். பருத்திக் காடு முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் போர்ட் சையிதில் போய் இறங்கினோம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துறைமுகத்தில்...

கப்பலைக் காணவில்லை.

போய்விட்டதா? ஐயோ, போயே போய்விட்டதா? வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். கப்பல் இன்னும் கால்வாயிலிருந்தே வெளியே வரவில்லையாம். வரிசையில் எங்கேயோ நிற்கிறதாம். “உங்களை விட்டுவிட்டு எப்படிப் போகும் ஐயா? இந்த பஸ்ஸே கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்ததுதானே!”

விளக்கேற்றிய பிறகும் வெகுநேரம் அந்தத் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்த எனக்கு, நிமிடம் நிமிடமாகக் கொட்டிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சம்பந்தி ஊரிலிருந்து கொண்டுவந்த சேவு டப்பாவைத் திறந்து முதலில் என் பக்கம் நீட்டினார். “சாப்பிடுங்க சம்பந்தி. பயப்படாதீய. கப்பல் வந்துரும்.”

எனக்கு ஆறுதல் சொல்லுகிறார்!

அதற்கப்புறம் நேப்பிள்ஸில் நானே வலியப் போய்க் கேட்டேன்: “அண்ணாச்சி, எறங்கிப் போவோமா? நல்ல துணிக்கடை இருக்காம். எகிப்துப் பருத்தியில நெய்த சட்டையெல்லாம் விக்காங்களாம்.”

“தைச்ச துணியில என்னத்தத் தெரியும் சம்பந்தி? வேணும்னா போவோம். உங்க இஷ்டம்.”

திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வரும்போது மாசி மாதம். அங்கே அப்போது பருத்தியே கிடையாதாம். எடுத்து முடித்து, செடியைப் பிடுங்கி, கோதுமை போட்டிருக்கிறார்களாம். கப்பலின் மேல்தளத்தில் நின்று இருவரும் கரையைப் பார்த்தோம்.

கவலைப்படுகிறவனைப் ‘பொறுப்பானவன்’ என்று ஊர் சொல்லுகிறது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால்... அந்த பஸ்ஸில் நான் கப்பலைப் பற்றிக் கவலைப்பட்டேன், பஞ்சரைப் பற்றிக் கவலைப்பட்டேன், மழையே பெய்யாத மண்ணில் சேற்றைப் பற்றிக்கூடக் கவலைப்பட்டேன். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவரைப் பற்றி? ஒரு நொடிகூட இல்லை. இதற்குப் பெயர் பொறுப்பா?

சரி, கமிஷன் கடைக்கு வருகிறேன். கலர் பாட்டிலை வைத்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன்.

“ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க? வண்டி எங்க நின்னுச்சு?”

“வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீய?” மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். “எகிப்து வரைக்கும் போயிட்டு வந்தீரே, பருத்தியத் தொட்டீரான்னுதான் மொதக் கேள்வி கேக்கானுவ. தொடலன்னா ஏன்னு கேப்பானுவ. மருமகன் வீட்டு மனுசரு நிப்பாட்ட விடலன்னு சொல்ல முடியுமா? எம்மவ அங்கன வாழுதால்லா. உங்கள ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லலாமா?”

வெயிலில் இரண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்தோம். அவருடைய பருத்தி மூட்டை கடையில் இறங்கியிருந்தது. அன்றைக்கும் ஒருவர் இழுத்துப் பார்த்துவிட்டு, “இழை கட்டை” என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டபிறகுதான் அந்தக் கதையையே ஆரம்பித்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அண்ணாச்சி, இத நான் பத்திரிகையில எழுதட்டுமா? உள்ளது உள்ளபடியே?”

“உங்க இஷ்டம் சம்...”

“என் இஷ்டம் வேண்டாம்!” நடுரோட்டில் நின்றுவிட்டேன். “ஒரு தடவையாவது உங்க இஷ்டத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. வேண்டாம்னா விட்டுருதேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த பஸ்ஸில் மண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாரே, அதே பார்வை. ஆனால் இந்தத் தடவை மீசைக்கடியில் ஒரு சிரிப்பு.

“எழுதுங்க. உள்ளதையே எழுதுங்க. ஆனா ஒண்ணு சேத்துக்கிடணும்.”

“சொல்லுங்க.”

“அந்த எகிப்துக்காரரு தண்ணி வேணுமான்னு கேட்டாருன்னு சொன்னீயள்லா... எனக்கு அன்னைக்கு நல்ல தாகம்.”

சேர்த்துவிட்டேன், அண்ணாச்சி.