மயில் நகருது, ஆனா ஆடல

1. ஷட்டரை இறக்கிப் பார்த்த மயில்

"நகருது. ஆனா ஆடல" என்றார் ஆறுமுகம் கங்காணி.

தெரணியகலையில் நசீர் நானாவின் சவுண்ட்ஸ், லைட்டிங் கடையில் சேர்ந்து நான் செய்த முதல் பெரிய லைட் போர்ட் அது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முருகன் கோயில் திருவிழாவுக்காக, ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு மயில். பகல் வெளிச்சத்தில் பல்புகள் எடுபடாது என்று கடை ஷட்டரை இறக்கிவிட்டு, கோயில் கமிட்டித் தலைவரான கங்காணிக்குப் போட்டுக் காட்டினோம்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். அவர் சொன்னதும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தோகை விரிகிறது. கழுத்து திரும்புகிறது. கால்கள் மாறி மாறி எரிகின்றன. ஒரு பல்பும் செத்திருக்கவில்லை. புரோகிராமில் எழுதிய எல்லாமே நடக்கிறது.

"எது சரியில்லன்னு சொன்னீங்கன்னா மாத்திடுறேங்க ஐயா."

"அது தெரிஞ்சா நானே செஞ்சிருவேனே தங்கச்சி. கொழுந்து லொறி மாதிரி போகுது, வருது. அவ்வளவுதான் தெரியுது எனக்கு."

நசீர் நானா சிரித்தார். கங்காணி படியிறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் நானா என்றால் அண்ணன், 'ஈக்கி' என்றால் 'இருக்கு'.

"மகள், கொழும்பில ரெடிமேட் போர்ட் ஈக்கி. மயில், யானை எல்லாம் ஈக்கி. இந்தத் திருவிழாவில கமிட்டி சரியில்லன்னு சொன்னா, இனி அதத்தான் வாங்குவன். ஒனக்கு வயருக்கு ஈயம் வைக்கிற வேல எப்பயும் ஈக்கி."

ஈயம் வைக்கிற வேலையிலிருந்துதான் நான் இந்த மயிலுக்கு வந்திருந்தேன்.

2. சமனின் கை

பிளைவூட்டில் மயிலை வரைந்தவர் எங்கள் கடை ஓவியர் சமன். பார்த்து வரைய ஒரு படமும் வைத்துக்கொள்ள மாட்டார். சாக்பீஸை எடுத்தால் ஒரே இழுப்புதான். எங்களுக்குள் கற்பனை அவருடையது, தொழில்நுட்பம் என்னுடையது என்று நான் பிரித்து வைத்திருந்தேன். ஆகவே அவரிடம் கேட்டேன்.

"சமன் அண்ணா, வரையும்போது மயில் எப்படி ஆடும்னு மனசுல நெனச்சீங்க?"

"நெனைக்க இல்ல நங்கி. கை போகுது, நான் பின்னால போறது." சிங்கள வழக்கப்படி, தங்கை என்ற பொருளில், என்னை அவர் நங்கி என்றுதான் அழைப்பார். "கண்ணு வைக்கிற நேரம் மட்டும் கவனம். கோணினா கோழி."

என் பிரிவினை அங்கேயே குழம்பிவிட்டது. கற்பனைக்காரர் என்று நான் நினைத்தவர் எல்லாம் கைதான் என்கிறார். கைவேலைக்காரியான என்னிடம் கற்பனை கேட்கிறார்கள்.

வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். நானா பச்சையைக் கூட்டச் சொன்னார், கூட்டினேன். போனில் மயில் ஆடும் வீடியோக்களைத் தேடினேன். உண்மையான மயில் அதிகம் நகர்வதே இல்லை. தோகையைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் சிலிர்ப்பை பல்புகளில் கொண்டுவந்தேன். "எங்கயோ லூஸ் கனெக்சன், பாரு" என்றார் நானா.

மயில் லொறியாகவே கோயிலுக்குப் போனது.

3. தண்ணீர் மோட்டர்

திருவிழா மூன்று நாள். முதல் நாள் பொழுது சாய்ந்ததும் கோயில் வாசலில் போர்டைப் போட்டோம். கரண்ட் வாடகை ஜெனரேட்டரிலிருந்து. சனம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் வேன் பக்கம் நகர்ந்தது. கங்காணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நானா என்னைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் அன்னதானத்துக்குத் தண்ணீர் ஏற்ற யாரோ மோட்டரைப் போட்டார்கள். வோல்டேஜ் இறங்கி, கோயில் முழுவதும் மங்கியது. மயிலை இயக்கும் கன்ட்ரோலர் அணைந்துவிட்டது. இந்த வகை பல்புகள் கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் மயில் பாதித் தோகையோடு அப்படியே நின்றது. பிறகு விளக்குகள் தெளிந்தன. கன்ட்ரோலர் திரும்ப எழும்பி, புரோகிராமை முதலிலிருந்து தொடங்கியது. தொடக்கத்தில் தோகை மெதுவாகத்தான் விரியும்.

சனம் "ஆ" என்றது.

"அப்பிடிப் போடு!" என்று கத்தினார் கங்காணி. "நின்னு பாத்துட்டு ஆடுது பாருங்கடா! முருகா!"

நான் நானாவின் பக்கத்தில் போய்ச் சொன்னேன். "நானா, அது ஃபால்ட்."

"வாய மூடு மகள். சனம் பாக்குது."

4. மயில் சிக்கிக்கொண்டது

அடுத்த நாள் கன்ட்ரோலருக்குத் தனியாக ஒரு பேட்டரி கொடுத்தேன். இனி மோட்டர் போட்டாலும் அணையாது. அந்த நிறுத்தத்தைப் புரோகிராமில் நானே எழுதினேன். அதே பாதித் தோகை, அதே அளவு நேரம். இப்போது அது ஃபால்ட் இல்லை, என் வேலை.

கங்காணி வந்து பார்த்தார். "என்ன தங்கச்சி, இன்னைக்கி மயிலு சிக்கிக்கிச்சா? பின்னால ஒரு தட்டு தட்டிப் பாரு."

ஃபால்ட்டாக இருந்தபோது ஆட்டம். அதையே எழுதிச் செய்தால் ஃபால்ட்.

கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில் உட்கார்ந்து, முதல் நாளுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அன்றைக்கு நிற்கும் முன் மயில் மங்கியது. நின்ற பிறகு மெதுவாகத் தொடங்கியது. எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதல் இரண்டையும் எழுதிவிடலாம். மூன்றாவதை எப்படி எழுதுவது? எப்போது நிற்பது என்பதை ஒவ்வொரு சுற்றிலும் கன்ட்ரோலரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டேன். அதற்கு ஒரு வரிதான் தேவைப்பட்டது. அந்த வரியை எழுதியவள் நான். நிற்கும் நேரத்தைத் தேர்ந்தது என் வேலையா, அதன் வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மூன்றாம் நாள் கங்காணி சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு மயிலின் முன்னால் நின்றார். பொங்கலைச் சாப்பிடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஹரி ஷோக், நங்கி" என்றார் சமன். நன்றாக இருக்கிறதாம்.

திரும்பும் வழியில், லொறியில், நானா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "கலவானயில ஒரு யானை போர்ட் கேக்குறாங்க. செய்வியா மகள், இல்லாட்டிக் கொழும்புக்குச் சொல்லவா?"

"நான் செய்றேன் நானா."

5. கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள், "இந்த வேலைக்குக் கற்பனை முக்கியமா அக்கா, டெக்னிக் முக்கியமா?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

புரோகிராம் தெரியாதிருந்தால், அந்த நிறுத்தம் முதல் நாளோடு போயிருக்கும். ஆனால் புரோகிராம் எனக்கு முதலிலிருந்தே தெரியும். மயிலை நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. வரைந்த சமனுக்கும் தோன்றவில்லை. மோட்டர் நிறுத்தியது, ஆனால் மோட்டரைக் கலைஞர் என்று சொல்ல முடியாது. அதை ஆட்டமாகக் கண்டது சனம். அப்படியானால் கற்பனை பார்த்தவர்களுடையதா? கங்காணி இப்போது, அப்படி நிறுத்தச் சொன்னதே தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. "ஆடல" என்று சொன்னவர் அவர்தான்.

பதில் கிடைக்கவில்லை. ஒரு பழக்கம்தான் கிடைத்தது. போர்ட் பிழையில்லாமல் ஓடிய பிறகு, அன்று மோட்டர் செய்ததைப் போல வோல்டேஜ் இறங்கட்டும் என்று, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே லைனில் கடை டிரில்லைச் செருகி ஒருமுறை அழுத்துவேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒருமுறை ஃபியூஸ் போய், நானா பின்கட்டிலிருந்து கத்தினார். கலவான ஊருக்குச் செய்த யானையில் உடம்பெல்லாம் அணைந்து, ஒரு காது மட்டும் எரிந்துகொண்டு நின்றது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு எர்த் வயர் கழன்றிருந்தது. ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.