அம்மாவின் கை, பதினொரு நிமிடம்

அந்த விரிவுரையாளரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் பெருந்தன்மையை எதிர்பார்க்க வேண்டாம்.

கண்டியில் சனிக்கிழமைகளில் நடந்த ஒரு டிப்ளோமா வகுப்பில் அவர் எங்களுக்கு அசையும் படிமக் கோட்பாடு படிப்பித்தார். தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கும் கண்காட்சிச் சுவரில் ஓயாமல் ஓடும் வீடியோவுக்கும் என்ன வித்தியாசம்? பாதியில் வந்து பாதியில் போகிறவருக்கு அது எங்கே தொடங்குகிறது? கெமரா அசையாமல் நின்றால் நேரம் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது? நன்றாகத்தான் படிப்பித்தார், அதை மறைக்க மாட்டேன். கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, முதல் வரிசைக் கதிரையில் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் கொப்பியில் எழுதியவள் நான்.

முதல் பருவத்தின் முடிவில் ஆளுக்கொரு வீடியோ செய்யச் சொன்னார். அம்மா கண்டி டவுனில் ஒரு சேலைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். வருகிறவர்கள் முப்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழும்பிப் போவார்கள். அத்தனையையும் அவள் திரும்ப மடித்து அடுக்க வேண்டும். முதலாளியிடம் கேட்டு, போனை மேசையில் இருந்த சோற்றுக் கெரியர்மேல் நிறுத்தி, மடிக்கிற அந்தக் கைகளை மட்டும் எடுத்தேன். பதினொரு நிமிடம், ஒரு வெட்டும் இல்லை. பஸ் ஹோர்ன், பக்கத்தில் யாரோ விலை கேட்கிற சத்தம், எல்லாம் அப்படியே இருந்தன.

அரும்பொட்டில் பாஸ் போட்டார், ஒரு புள்ளி குறைந்திருந்தால் பெயில். 'பதிவு இருக்கிறது, சிந்தனை இல்லை' என்று கீழே ஒரு வரி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

நாலு மாதம் கழித்து, தன் கண்காட்சிக்கான அழைப்பிதழை வகுப்பில் அவரே எல்லோருக்கும் கொடுத்தார். வாவிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். உள்ளே போனால், நடுச் சுவரில் என் அம்மாவின் கை. கறுப்பு வெள்ளையாக்கி, சத்தத்தை எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்திருந்தார். நிறத்தை எடுத்துவிட்டால் அம்மாவின் கை எனக்குத் தெரியாமல் போய்விடுமா? கீழே ஒட்டியிருந்த அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. 'கொழுந்தின் ஞாபகம்' என்று தலைப்பு. ஒவ்வொரு சேலையையும் மடிக்கும் முன் அம்மா அதன் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பாள். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் தேயிலைக் கொழுந்து பறிப்பதை மறக்காத கை அது என்று அட்டையில் விளக்கம் எழுதியிருந்தார்.

அம்மா டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். வாழ்நாளில் ஒரு கொழுந்து கிள்ளியதில்லை. மலையகத்துப் பொம்பிளை என்றால் கொழுந்து, அதற்கு மேல் யோசிக்க அவருக்குச் சோம்பல்.

வெளியே வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தாமலே பதில் சொன்னார்.

"ஓம், பதிவு உம்முடையதுதான். ஆனா பதிவு வேற, படிமம் வேற. நீர் அதைச் சும்மா பாத்தீர், நான் அதை வாசிச்சன். இதைப் பெரிசாக்காதேயும். உம்மட இறுதிப் புள்ளி இன்னும் போடேல்லை."

பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றேன். அந்த வீடியோவில் என் பெயர் வர வேண்டும், அதுவும் இந்த ஆள் ஊர் பார்க்க மூக்குடைபட்டபின் வர வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் மண்டபத்தில் அவருடைய பேச்சு இருந்தது. அதற்கு முந்திய வகுப்பில் மிகப் பணிவாகக் கேட்டேன்: "சார், அந்தக் கிள்ளுற அசைவு பத்தி பேச்சுல கொஞ்சம் விரிவா சொல்லுவீங்களா?" உச்சி குளிர்ந்துபோனார்.

அம்மாவை லீவு போடவைத்துக் கூட்டிப் போனேன். "ஒங்க கைய சுவத்துல காட்றாங்க, வாங்க பாக்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் நாற்பது நிமிடம் அந்த இரண்டு விரலைப் பற்றியே பேசினார். அந்தப் பெண்ணோடு பல வாரம் கூடவே இருந்து எடுத்ததாகவும் சொன்னார். கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினேன்.

"சார், அந்தக் கைக்கு சொந்தக்காரங்க இங்க இருக்காங்க. அவங்களயே கேட்ருவோமா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கண்காட்சியை ஒழுங்கு செய்த பெண்மணி மைக்கை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அந்த ரெண்டு விரலால என்னம்மா பண்றீங்க?" என்றேன்.

"குண்டூசி தேடுறேன். வெலச் சீட்ட ஓரத்துல குத்தியிருப்பாங்கல்ல? அத எடுக்காம மடிச்சா சேல கிழிஞ்சிரும், மொதலாளி ஏசுவாரு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"வீடியோ எடுத்தது யாரு?"

"நீதானடி எடுத்த! என் சோத்துக் கெரியர் மேல போன வச்சுட்டு, என்னய சோறு திங்கவும் விடாம." அதோடு நிற்காமல் மேடையைப் பார்த்து, அம்மா தன் வழக்கமான மரியாதையோடு கேட்டாள்: "ஐயா யாருங்க? ஒங்கள நான் பாத்ததே இல்லயே."

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் முகம் போன போக்கு என் ஆயுசுக்கும் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒழுங்கு செய்த பெண்மணி வீடியோவை உடனே இறக்கிவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிறமும் சத்தமும் திரும்ப வர வேண்டும், மூன்று மொழியிலும் என் பெயர் எழுதிய அட்டை வர வேண்டும், அதை அவரே வந்து தன் கையால் ஒட்ட வேண்டும் என்றேன். இல்லாவிட்டால் டிப்ளோமா நடத்துகிறவர்களுக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன். அவர் ஒட்டிய பிறகும் எழுதினேன்தான். என் இறுதிப் புள்ளியை வேறொருவர் போட்டார்.

ஒட்டுகிற அன்றைக்கும் அம்மா கூட வந்திருந்தாள். அவர் கதிரையில் ஏறி அட்டையை ஒட்டினார். சரிவாக இருக்கிறது என்றேன். கழற்றி மறுபடி ஒட்டினார். அது நேராகத்தான் இருந்தது. உயரமாக இருக்கிறது என்றேன். மூன்றாம் தரம் ஒட்டும்போது அவர் சட்டையின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்டி, வா. பாவம் அந்த மனுசன்."

எனக்குப் போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம், சார்" என்றேன்.