உள்ளூருக்குப் போன கையுறை

கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்குத் ‘தள்ளு அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தைத்து வரும் தோல் கையுறைகளைப் பார்த்துத் தரம் பிரிப்பது அவள் வேலை. ஒரு தையல் தவறியிருந்தாலும் போதும், “தள்ளு” என்பாள். தைத்தவள் தலைகீழாக நின்றாலும் இரங்கமாட்டாள். கப்பலேறும் சரக்கென்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

தள்ளியதெல்லாம் எங்கே போகும்? குப்பைக்கா? நன்றாயிருக்கிறது கதை! உள்ளூர்ச் சந்தைக்குப் போகும். நல்லது கடல் தாண்டும், கழித்தது ஊருக்குள் திரும்பும். அங்கே அதுதான் வழக்கம். இதில் வெட்கப்பட ஏதோ இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. அவளுக்கும்தான்.

இந்தப் பக்கத்து ஆலைகள் மட்டும் தங்களுக்கு வேண்டிய கையுறையை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தன. இங்கே தைத்தது அங்கே போயிற்று, அங்கே தைத்தது இங்கே வந்தது. கேட்டால் உலக வர்த்தகம் என்றார்கள். பிறகு அதுவும் நின்றது. அவரவர் நாட்டுக்கு வேண்டியதை அவரவரே செய்துகொள்வதாக முடிவாகிவிட்டது. பக்கத்திலேயே வாங்கு, பக்கத்திலேயே வில் என்று பெரியவர்கள் மேடையில் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கென்ன, வாய் வலித்தால் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். இங்கே பாதித் தையல் மெஷின்களை மூடியாகிவிட்டது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவன் அவள் தம்பி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரும்பு வார்ப்பு ஆலையில் உலைக்காரன். “எங்க அக்கா பாக்குற சரக்கு சார். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்று சூப்பர்வைசரிடம் சொல்லி ஆர்டர் வாங்கிக் கொடுத்தான். அது நிலைத்தால் தொழிற்சாலை பிழைக்கும். இல்லையென்றால் எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முதல் சரக்கு மேசைக்கு வந்தது. சில ஜோடிகளில் கட்டைவிரல் மடிப்பில் தையல் விட்டுப்போயிருந்தது. அவள் பார்த்தாள். பார்த்தும் தள்ளவில்லை. மேனேஜர் அவசரப்படுத்தினார் என்று பழியை அவர்மேல் போடலாம்; அவர் பாவம், அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. உள்ளூர்ச் சரக்கு என்றதும் கை தானாகப் பழைய தடத்தில் போய்விட்டது. உள்ளூருக்கு இது போதும் என்று நினைத்தாள். தம்பியின் கை அவள் நினைவுக்கு வரவே இல்லை.

அடுத்த வாரம் தம்பி மனைவி போன் செய்தாள். உலையிலிருந்து தெறித்த இரும்புக் குழம்பு அவன் கையுறைக்குள் இறங்கிவிட்டதாம். கேட்டதும் இவள் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கைவரை கட்டு. கட்டைவிரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எந்த இடத்துலடா இறங்குச்சு?”

“கட்டைவிரல்கிட்ட” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “நீ பயப்படாதக்கா. கையுறையைச் சரியா போடாதது என் தப்புன்னு சொல்லிட்டேன். இல்லாட்டி உங்க ஆர்டர் போயிடும்ல.”

“ஏண்டா அப்படிச் சொன்ன?”

“பின்ன என்ன சொல்றது? உன்னைச் சொல்லித்தானே வாங்க வச்சேன்.”

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தால் அவள் வேலையோடு அத்தனை பேர் பிழைப்பும் போகும். திறக்காவிட்டால், அதே மேசையிலிருந்து போன மற்ற ஜோடிகள் இன்னும் யார் யார் கையிலோ இருக்கின்றன. இரவெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை.

காலையில் வேலைக்குப் போகாமல் நேரே வார்ப்பு ஆலைக்குப் போய்ச் சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

“அந்தக் கையுறையை எல்லாம் கழட்டச் சொல்லுங்க சார். தையல் சரியில்ல. தெரிஞ்சேதான் அனுப்பினேன். என் தம்பி மேல தப்பில்ல.”

அவர் அவளையே பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. உள்ளே திரும்பி ஆட்களைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கீழே போட்டுவிட்டு உலைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார்கள்.

“சரிம்மா, கழட்டியாச்சு. இப்ப எதைப் போட்டுக்கிட்டு வேலை பாக்குறது?” என்றார் சூப்பர்வைசர். “கப்பல் சரக்கு வந்து மாசக்கணக்காச்சு. இந்தப் பக்கம் பூரா கையுறை தைக்கிற இடம் உங்களுது ஒண்ணுதான்.”

“நல்லதா தைச்சுக் குடுக்குறோம் சார். ரெண்டு நாள் குடுங்க.”

“உள்ளே இரும்பு உருகி நிக்குது. இப்ப ஊத்தலேன்னா உலையே போயிடும்.”

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நரைத்த தலைக்காரர் ஒருவர் குனிந்து ஒரு ஜோடியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இது தாங்குமாம்மா?”

வாங்கி மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். “தாங்காதுங்க” என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கி, போட்டுக்கொண்டு, உலைப் பக்கம் போனார்.